ஆறிய பல்தடம்

அந்த எலும்பில் கடித்த இடம் ஆறியிருந்தது.

பொன்னையா முதலில் அதை விரலால்தான் உணர்ந்தான். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் ஒற்றைச் சன்னலுக்குக் கீழே மேசையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, ஹாலிஎலைப் பக்கமிருந்து ஏறி வந்த மத்தியான மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருக்க, கார்பாலிக் நெடியும் ஈரச் சாக்கு நெடியும் தேயிலைப் பெட்டிக்குள்ளிருந்து வந்த பழைய சாம்பல் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, இடது முன்கை எலும்பை எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். கட்டைவிரல் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறியது. எங்கும் சொரசொரப்பு இல்லை. ஆற்றுக் கல்லைத் தடவுவது போல வழுக்கிக்கொண்டு போனது.

செத்த எலும்பைக் கடித்தால் விளிம்பு கூராக நிற்கும். எத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தாலும் அது மழுங்கி மூடாது. ஆறுவதற்கு உயிர் வேண்டும்.

தேயிலை நடுவதற்காகப் புதுமலையில் காடு வெட்டியபோது ஒரு பெரிய பாறைக் குடைவுக்குக் கீழே கிடைத்த எலும்புகள் அவை. கூடவே பளிங்குக்கல் சில்லுகள், கரி, நத்தை ஓடுகள். இரும்பே தெரியாத காலத்து ஆட்கள் என்றார் துரை. அவருக்கு இந்த மாதிரிப் பழசுகளில் ஒரு பித்து. சில மாதங்கள் பங்களாவில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் பல்தடம் இருக்கிறது, புலியா கரடியா என்று பார்த்துச் சொல் என்று பெட்டியை டிஸ்பென்சரிக்கு அனுப்பியிருந்தார். பொன்னையா பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கப் பழகி வந்தவன். எந்த மாடு செத்தாலும், எந்த ஆட்டைப் புலி அடித்தாலும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குந்தி எலும்பைப் புரட்டிப் பார்க்கிற கிறுக்கு அவனுக்கு உண்டு என்பது கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்கே தெரியும்.

மற்ற எலும்புகளைப் பார்த்தபோது குஷியாகவே இருந்தது. தொடையெலும்பில் உளி வைத்து இழைத்த மாதிரி அகல அகலமான கோடுகள்: முள்ளம்பன்றி. எலும்பு நன்றாகக் காய்ந்த பிறகு வந்து பல்லைத் தீட்டிவிட்டுப் போயிருக்கிறது. விலா எலும்புகளின் நுனி மென்று துப்பிய கரும்புச் சக்கை போல நைந்திருந்தது: நரி. கழுத்தெலும்பில் பொடிப்பொடிச் சுரண்டல்: எலி. எல்லாம் அவள் செத்த பிறகு வந்த விருந்தாளிகள். இடுப்பெலும்பின் அகலத்தைப் பார்த்ததுமே அது ஒரு பெண் என்று தெரிந்துவிட்டது. புலியும் இல்லை, கரடியும் இல்லை. துரையின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டான்.

அதன் பிறகுதான் இந்தக் கை.

களிம்புக்கு வைத்திருந்த தேன்மெழுகை விளக்கில் இளக்கி, ஒவ்வொரு தடத்திலும் ஊற்றி, இறுகியதும் பெயர்த்தெடுத்தான். ஆட்டெலும்பில் பலமுறை செய்து பார்த்த வித்தை. பள்ளம் மேடாகத் திரும்பி வரும். பல்லின் நுனியே கைக்கு வந்துவிடும்.

மெழுகில் கோரைப்பல் வரவில்லை. தட்டையாக, நெருக்கமாக, அரைவட்டமாகச் சின்னப் பற்கள் நின்றன. முழங்கைக்குப் பக்கத்திலிருந்த அரைவட்டம் மிகச் சிறியது. அதற்கு அடுத்தது கொஞ்சம் அகலம். அதற்கும் அடுத்தது இன்னும் அகலம். ஒன்று முழுக்க ஆறிய பிறகுதான் அதன் ஓரத்தில் அடுத்தது விழுந்திருக்கிறது. மணிக்கட்டை நெருங்க நெருங்க அந்த வாய் வளர்ந்துகொண்டே வந்தது.

"மச்சான், ஈக்கியா?"

பொன்னையா துள்ளிவிட்டான். வாசலில் காமில் குடையை உதறிக்கொண்டு நின்றான். பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவன். அங்கே இன்னும் ரயில் வராததால் துணிப் பொட்டணியைத் தோளில் போட்டுத் தோட்டம் தோட்டமாக நடந்தே ஏறுவான்.

"என்னடாப்பா இது, சூப்பு வைக்கப் போறியா? ஒரு ஆளுக்குப் போதுமா?"

"தொட்டுறாத. தொரையோட சாமான்."

காமில் அதற்குள் ஒரு மெழுகுத் துண்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "பல்லுக் கட்டுற தொழிலும் தொடங்கிட்டியா? இது ஆர்ட பல்லு?"

"அதான் தெரியல. மிருகப் பல்லு இல்ல." பொன்னையாவுக்கு யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. "இந்தா பாரு, முழங்கைக்கிட்ட சின்னக் கடி. இங்க பெருசு. இங்க அதவிடப் பெருசு. ஒவ்வொன்னும் ஆறியிருக்கு. ஒரே கையி. ஒருக்காக் கடிபட்டவ ஓடலயே, ஏன்?"

"ஓட ஏலாமக் கட்டிப் போட்டிருப்பாங்க."

"கட்டிப் போட்டா கை இழுத்துத் திமிறியிருக்கும், எலும்புல தெரியும். இவ அசையாம வச்சுக்கிட்டு இருந்திருக்கா."

காமில் சிரிக்கப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, தன் பொட்டணியை இறக்கி இடது கையில் படுக்க வைத்தான். "எனக்கும் புள்ளைகள் ஈக்கி. பொறந்த புள்ளய இப்பிடித்தானே தூக்குவாங்க? தலை இங்க வரும்." பொட்டணியின் ஒரு முனை அவன் முழங்கை மடிப்பில் இருந்தது. "கொஞ்சம் வளந்தா இடுப்புல. அப்ப வாயி இங்கன." முன்கையின் நடுவைத் தொட்டான். "இன்னும் வளந்தா நடக்கும். அப்ப கையப் புடிச்சிக்கிட்டு…"

அவன் விரல் மணிக்கட்டில் போய் நின்றது.

"சே," என்று பொட்டணியைக் கீழே வைத்தான். "எந்த உம்மாடா கடிக்கக் கடிக்கக் கை குடுப்பா? மூடி வை இத. நான் வந்தது வேற விசயம். ஒன்ட பொஞ்சாதிட கைக்கு மருந்து போட்டியா இல்லயா?"

"லெச்சுமிக்கா? கைக்கு என்ன?"

"ஊட்டுல இருக்கிற மனுசனுக்குத் தெரியாதா! வரக்குள்ள சீத்தத் துணி காட்டினேன். கம்பளிக்குள்ள கையில கட்டுப் போட்டிருந்துச்சி. கேட்டா, அடுப்புல சுட்டுக்கிட்டேண்டு செல்லிச்சி. முகமும் வெளிறிப் போய் ஈக்கி."

"எந்தக் கை?"

"இடது கை," என்றான் காமில்.

*

மழை விட்டிருந்தது. மழை விட்டால் பனிமூட்டம் வரும். கீழே பள்ளத்தாக்கிலிருந்து அது தேயிலை நிரைகளுக்கிடையில் புகுந்து, ஒவ்வொரு செடியாக விழுங்கி, பாதையில் பொன்னையாவின் முழங்கால் வரை ஏறிவிட்டது. அவன் நடையை எட்டிப் போட்டான். அடுப்பில் சுட்டுக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். கண்டதையும் பார்த்துவிட்டுக் கண்டதையும் நினைக்கிற புத்தி.

ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை. அவனுக்கும் ஜெயலெட்சுமிக்கும் முதல் பிள்ளை காய்ச்சலில் போயிற்று. இரண்டாவது பிறந்து கண் திறந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மூன்றாவது ஆண். அதுவும் பால் குடிக்காமல் நீலம் பாரித்துக் கீச்சுக் குரலில் ஓயாமல் அழுதபோது, அவன் கலக்கிய எந்த மருந்தும் கேட்காதபோது, லயத்துப் பெரியாயிதான் வழி சொன்னாள். தங்காத பிள்ளையைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். பெற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வேறொருத்தி அதைத் தன் பிள்ளை போல எடுத்துக் கொண்டுவந்து வாசலில் நின்று விலை கூறுவாள். தாய் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமனுக்கும் வேண்டாம்.

இன்றைக்குப் போலத்தான் அன்றைக்கும் மூட்டம். பாறைக்குக் கீழே வெட்டிய மண்ணை அந்த வாரந்தான் குப்பைமேட்டில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். சாம்பல் கலந்து மெத்தென்று இருந்ததால் பிள்ளையோடு முறத்தை அதன்மேல் வைத்தார்கள். திரும்பி நின்றார்கள். நடந்தார்கள். முதுகுக்குப் பின்னால் கீச்சுக் குரல் அழுதுகொண்டே இருந்தது. பிறகு அடங்கிவிட்டது.

பெரியாயி கொண்டுவந்து கொடுத்த பிள்ளை அன்றிலிருந்து அழவே இல்லை. உடம்பு தேறி, கன்னம் ஊதி, குப்புசாமி என்று பேர் வைத்தார்கள். ஜெயலெட்சுமி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவன் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பான்.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பால் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, டிஸ்பென்சரியில் அவன் தினமும் கழுவித் துடைக்கிற வாடை. புண்ணின் வாடை.

"வந்துட்டீங்களா? அதுக்குள்ளயா?" ஜெயலெட்சுமி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கம்பளி தோளை மூடியிருந்தது. மடியில் குப்புசாமி. அவன் முகம் கம்பளிக்குள் இருந்தது.

"கையக் காட்டு."

"அடுப்புல…"

"காட்டு புள்ள."

அவள் காட்டவில்லை. அவன் குந்திக் கம்பளியை விலக்கினான். பிள்ளையின் தலை அவள் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கவிழ்ந்திருந்தது. மெல்ல நிமிர்ந்து அவனைப் பார்த்தது. உதடு நனைந்திருந்தது. அது பால் இல்லை.

கட்டு அவிழ்ந்து தரையில் கிடந்தது. முழங்கை மடிப்பில் சின்ன அரைவட்டங்கள், ஆறி வெளுத்து மினுமினுத்தன. அதற்குக் கீழே கொஞ்சம் பெரியவை, பொருக்குத் தட்டியிருந்தன. அதற்கும் கீழே பச்சைப் புண். ஆறு மாதம் நிறையாத பிள்ளையின் வாய்க்கு அடங்காத அகலம்.

மெழுகு வேண்டியதில்லை. அவன் விரல்களுக்கு அந்த வரிசை தெரிந்திருந்தது.

"எப்பயிருந்து?"

"பாலு வத்திப்போச்சுங்க." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "மேப்பல்லு மொதல்ல வந்துச்சு. அப்பிடி வந்தா மாமனுக்கு ஆகாதும்பாங்க. பண்டாரவளையில எங்கண்ணன் ஒத்த ஆளா கெடக்குது, அதான் யாருக்கும் காட்டல. ஒங்களுக்குத் தெரிஞ்சா ஊரெல்லாம் மருந்து தேடுவீங்க."

"லெச்சுமி, இது நம்ம பிள்ள இல்ல."

அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள். "தவிட்டுக்கு வாங்கினது. அப்பிடித்தான் சொல்லணும்."

"அப்பிடிச் சொல்லல. இது நம்ம…"

"ரெண்டக் குழியில வச்சேன்," என்றாள். "இது தங்கியிருக்கு. கொஞ்சம் வலிச்சா என்னங்க?"

அவன் பிள்ளையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. அவ்வளவு கனம். அது அழவில்லை, திமிறவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு, அவள் சேலையை ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டது. ஜெயலெட்சுமி அலறினாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

விற்றவள் திரும்பக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெரியாயி. பெரியாயி வந்து தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, என் பிள்ளையைக் கொடு என்று கேட்டால், லெச்சுமி மறுக்க முடியாது. அது ஒன்றுதான் தோன்றியது. இருட்டுக்கு முன்னால் அதை அவள் மடியிலிருந்து பிரித்துவிட வேண்டும். மணிக்கட்டுக்கு இன்னும் கொஞ்ச இடந்தான் மிச்சம்.

ஓடினான்.

*

பெரியாயி பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். லயத்து வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கையா. என்னா இப்பிடி மூச்சு வாங்குது? தொரை தொரத்துறாரா?"

"பெரியாயி, எங்கூட வா. குடுத்த தவிட எடுத்துக்கிட்டு வா."

"தவிடா! அத அன்னைக்கே மாட்டுக்குப் போட்டாச்சு. மாடு சாணியும் போட்டாச்சு." தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "பிள்ளைக்கு ஏதாச்சுமா?"

"அன்னைக்குக் குப்பைமேட்டுல என்னத்த எடுத்த?"

"பிள்ளையத்தான் எடுத்தேன்."

"எந்தப் பிள்ளைய?"

எங்கிருந்து அந்தக் கேள்வி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பெரியாயி சுண்ணாம்பு விரலைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்யா இப்பக் கேக்குறீங்க? நல்லாத்தானே இருக்கான்? தூக்கவே முடியலன்னு லெச்சுமி பெருமையா சொல்லுச்சே."

"சொல்லு பெரியாயி."

"மூட்டமா இருந்துச்சுய்யா. கண்ணுதான் ஏமாத்துதுன்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ரெண்டு பேரும் ஒன்னுதானே வச்சீங்க? நான் போறப்ப மொறத்துல ரெண்டு கெடந்துச்சு."

பொன்னையா அவளுக்கு எதிரில் குந்தினான்.

"ஒன்னு நீலமா, கீச்சுக்கீச்சுன்னு அழுதுக்கிட்டு. இன்னொன்னு கொழுகொழுன்னு, சத்தமே இல்லாம என்னையப் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. மூஞ்சி ஒரே மூஞ்சி. சாமியே குடுக்குதுன்னு நெனச்சேன். அழுதது பொழைக்காதுன்னு பாத்தாலே தெரியும். அத எடுத்தாந்து குடுத்து, மூனாவதையும் நீங்க குழியில வைக்கவா?" அவள் நிமிர்ந்தாள். அவள் கண்ணில் வெட்கம் இல்லை, கோபம் இருந்தது. "பொழைக்கிறத எடுத்தேன். தப்பா? எடுத்ததும் மத்தது அழுகைய நிறுத்திருச்சு. திரும்பிப் பாத்தேன். மொறந்தான் இருந்துச்சு."

*

திரும்பி ஓடும்போது பாதை இல்லை. மூட்டந்தான் இருந்தது. தேயிலைச் செடிகள் ஈரமாக வந்து முழங்காலில் அடித்தன. தன் மூச்சு. தன் காலடி. வேறு எதுவும் இல்லை. ஒரு காக்கைகூட இல்லை. அந்நேரத்துக்கு லயத்தில் அடுப்புப் புகை இருக்கும், பேச்சுச் சத்தம் இருக்கும், யாராவது யாரையாவது திட்டுவார்கள். எல்லாவற்றின் வாயையும் மூட்டம் மூடி வைத்திருந்தது.

வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"லெச்சுமி."

கம்பளி மட்டும் தரையில் இருந்தது. அதில் ஈரம். வாசற்படியில் ஒரு சொட்டு. வெளியே இன்னொரு சொட்டு. சேற்றில் அவளுடைய வெறுங்கால் தடம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தடம். சின்னது. விரல்கள் நன்றாக விரிந்து, குதிகால் அழுத்தமாகப் பதிந்து, நடக்கப் பழகிய கால்.

தடங்கள் குப்பைமேட்டைத் தாண்டிப் போயின. புதுமலைப் பக்கமாக ஏறின. அங்கே இன்னும் நட்டு முடியவில்லை. எரிந்த மரக்கட்டைகள் கரிய முட்டிகளாக மூட்டத்துக்குள் நின்றன. கரி வாடை. ஈர மண் வாடை. பெட்டியைத் திறந்தபோது வந்த அதே பழைய சாம்பல் வாடை.

"லெச்சுமி!"

அப்போது கேட்டது.

மேலே. பாறைக்குக் கீழே. ஒரு கீச்சுக் குரல். இளைத்து, அறுந்து, மறுபடி தொடங்கி. அவன் மருந்தெல்லாம் தோற்ற குரல். குப்பைமேட்டில் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரல். ஒரு நாள்கூட வளரவில்லை.

மூட்டம் கொஞ்சம் விலகியது.

ஜெயலெட்சுமி பாறைக்கு நேராக ஏறிக்கொண்டிருந்தாள். மெதுவாக. தூக்கத்தில் நடக்கிறவள் போல இல்லை. அவசரமாகப் போக வேண்டும் என்று தவிக்கிறவள், சின்னப் பிள்ளையின் நடைக்காகப் பொறுத்துப் பொறுத்துப் போவது போல. அவளுக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்துக்கு, ஒன்று நடந்தது. குப்புசாமியின் மொட்டைத் தலை. குப்புசாமியின் அரைஞாண் கயிறு, இடுப்பில் அறுந்துபோகிற மாதிரி இறுகி.

பொன்னையாவின் கால் நின்றது.

அவள் திரும்பினாள். முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. சிரித்தாள். "கேக்குதுங்களா? அழுவுறது நம்ம பிள்ளதாங்க. இது அங்க கூட்டிட்டுப் போவுது."

"விடு. கைய விட்டுட்டு வந்துரு. லெச்சுமி, கைய விடு."

"நான் எங்கங்க புடிச்சிருக்கேன்?"

அவளும் பிடித்திருக்கவில்லை. அதுவும் கையால் பிடித்திருக்கவில்லை. அதன் முகம் அவள் மணிக்கட்டில் பதிந்திருந்தது. தாடை அசையவில்லை. கன்றின் கயிற்றை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி, பல்லால் பற்றி, முன்னே முன்னே நடந்தது.

பாறைக் குடைவின் இருட்டுக்குள் அழுகை விசும்பலாகத் தேய்ந்தது. பசித்த பிள்ளை, தூக்குவதற்கு ஆள் வருவது தெரிந்து அடங்குகிற விசும்பல். பொன்னையாவின் நெஞ்சு அந்தச் சத்தத்தை நோக்கி அவனை மீறி இழுத்தது. அவன் மகன். அவன் பிள்ளை. ஒரு அடி வைத்தான். வைக்கவில்லை என்று நினைத்தான். வைத்திருந்தான்.

அது நின்றது. வாயை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அதன் வெறுங்கை மட்டும் மூட்டத்துக்குள்ளிருந்து பின்பக்கமாக நீண்டது. சின்ன விரல்கள், சாம்பல் படிந்த உள்ளங்கை. அப்பனின் கைக்காக விரித்து வைத்துக்கொண்டு, காத்திருந்தது.